கோர்ப்பெலா வீட்டுத் துப்பாக்கியின் வயது

லேபிலா தேவாலயத்தின் வடக்கு மதிலோரம், இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே, சைமி கோர்ப்பெலாவின் கல்லறை இருக்கிறது. கல்லில் இரண்டு பெயர்கள். கீழே அவள் பெயர்; பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் சரியாகவே வெட்டப்பட்டிருக்கின்றன. மேலே அவள் கணவன் வில்யோவின் பெயர். அதற்குக் கீழே 1913 என்று இருக்கிறது, ஒரு சிறு கோடு இருக்கிறது, கோட்டுக்குப் பிறகு வெறும் கல். கல் வெட்டியவன் மறந்துவிட்டான் என்று கோடையில் ஊருக்கு வருகிறவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அவன் மறக்கவில்லை. போரிலிருந்து உடலாகக்கூடத் திரும்பாதவர்களுக்காக அதே முற்றத்தில் நிறுத்தியிருக்கும் பெரிய கல்லில் வில்யோவுக்கு இரண்டு வருஷங்களும் உண்டு. அங்கே 1944 என்று வெட்டியிருக்கிறது. இங்கே இல்லை. ஏன் என்று தெரிந்தவர்களில் மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான் என்பதால் எழுதிவைக்கிறேன்.

நான் ராணுவத்தின் படைக்கலக் கிடங்கில் வேலை பார்த்தவன். வந்து சேரும் ஒவ்வொரு துப்பாக்கியும் எங்கே, எந்த வருஷம் செய்யப்பட்டது, இடையில் யார் கை பட்டது என்று பார்த்துப் பதிவதுதான் என் பிழைப்பு. ஓய்வு பெற்றதும் கோர்ப்பெலா பண்ணையின் ஏரிக்கரைக் குடிலை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தனியாக வந்து சேர்ந்தேன். பால் அங்கே, சனிக்கிழமை சௌனா அறையில் நீராவிக் குளியலும் அங்கேதான். ஊர் முழுக்க என்னை 'சார்ஜண்ட்' என்றுதான் கூப்பிட்டது.

சைமி பதினாறு வயதில் கோர்ப்பெலா வீட்டுக்கு மாடு கறக்க வந்தவள். அவளுடைய சொந்த வீடு காட்டுக்குள் வெகு தூரத்தில் இருந்தது; தகரப் பெட்டி ஒன்றோடு பனிச்சறுக்குக் கட்டைகளில் வந்தாளாம். வீட்டின் மூத்த மகன் வில்யோ அவளைக் கட்டிக்கொண்டான். மாமியார் அதை விரும்பவில்லை. ஆனால் சைமி கறந்தால் முரட்டு மாடும் அசையாமல் நிற்கும் என்பதால் வாயை மூடிக்கொண்டாள்.

வில்யோவை நான் பார்த்ததில்லை. அவனைப் பற்றி எல்லோரும் சொன்ன ஒரே விஷயம், அவன் எதற்கும் நேரத்துக்கு வரமாட்டான் என்பது. கல்யாணத்தன்று பாதிரியார் காத்திருந்தார், பெண் காத்திருந்தாள், காபி ஆறிப்போனது. வழியில் யாருடைய குதிரையோ பள்ளத்தில் விழுந்து கிடந்ததாம். மாப்பிள்ளை அதைத் தூக்கிவிட்டு, முழங்கால் வரை சேற்றோடு வந்து நின்றான். "குதிரையாவது பொழைச்சுதா?" என்று சைமி கேட்டாளாம். அதுதான் அவர்கள் மணமேடையில் பேசிக்கொண்ட முதல் பேச்சு.

ரஷ்யாவோடு நடந்த குளிர்காலப் போரிலிருந்து அவன் திரும்பி வந்தான், மற்றவர்களைவிட ஒரு வாரம் தாமதமாக. அடுத்த போரில், நாற்பத்து நான்காம் வருஷம் ஜூன் மாதம், எதிரி கிழக்கே கரேலிய நிலத்தில் முன்னேறி எல்லோரும் பின்வாங்கிக்கொண்டிருந்தபோது, அவன் காணாமற்போனான். இறந்துபோனவர்களை எங்கள் ஆட்கள் எவ்வளவு கஷ்டப்பட்டாவது சொந்த ஊர்த் தேவாலயத்துக்குக் கொண்டுவந்து புதைப்பார்கள். அந்த ஜூனில் அதற்கு நேரமில்லை. 'காணவில்லை' என்று மட்டும் சைமிக்குத் தகவல் வந்தது.

போர் முடிந்தபின் அதே படைப்பிரிவில் இருந்த ரெய்னோ என்பவன் கடையில் உட்கார்ந்து ஒரு கதை சொன்னான். ஒரு வாய்க்கால் கரையில் குண்டு விழுந்தது, புகை அடங்கியபோது வில்யோ எழுந்து, தனியாக, மேற்கே காட்டுக்குள் நடந்து போனான், நான் என் கண்ணால் பார்த்தேன் என்று. சொல்லும்போது ரெய்னோ குடித்திருந்தான். ஆனாலும் ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. போருக்குப் பயந்து காட்டில் ஒளிந்தவர்களைப் 'பைன்காய்ப் படை' என்று எங்கள் பக்கத்தில் கேலி செய்வார்கள். வில்யோவும் அந்தப் படையில் சேர்ந்துவிட்டான், பிறகு சுவீடனுக்குப் போய்விட்டான் என்று பேச்சானது.

கடையில் ஒரு பெண் ஒருநாள் கேட்டாள்: "என்ன சைமி, உன் ஆளு இன்னும் பைன்காய் எண்ணி முடிக்கலையா?"

"எண்ணட்டுமே. உன் ஆளு காலி பண்ணின போத்தலை நீ எண்ணி முடிக்கிறதுக்குள்ள அவர் வந்துருவாரு."

வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அந்த அவமானத்தில் கூனிப்போயிருப்பாள். சைமி கூனவில்லை. அதன் காரணம் எனக்கு முதலில் புரியவில்லை. நான் வந்த முதல் கிறிஸ்துமஸ் சௌனாவில்தான் கொஞ்சம் புரிந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை முதலில் ஆண்கள் குளிப்போம், பிறகு பெண்கள். எல்லோரும் வெளியேறியதும் அடுப்பை அணைக்காமல், ஒரு வாளித் தண்ணீரும் உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் மர இலைக் கட்டும் உள்ளே வைத்துவிட்டு வருவது வழக்கம். கடைசி நீராவி வீட்டின் இறந்தவர்களுக்கு. இது எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் கோர்ப்பெலா சௌனாவின் உடைமாற்றும் அறையில், கடைசி ஆணியில், இஸ்திரி போட்ட ஒரு சட்டையும் துண்டும் தொங்கின. என்னுடையதென்று நினைத்துக் கை நீட்டினேன்.

"அதைத் தொடாதீங்க சார்ஜண்ட்" என்றான் அர்மாஸ், வில்யோவின் தம்பி. "அது அண்ணனோடது. வருஷா வருஷம் தொங்கவிடுவா."

"செத்தவங்களுக்குச் சட்டை வைக்கிற வழக்கம் நான் பாத்ததில்லையே."

"செத்தவங்களுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போய் அடுப்பின் சூடான கல்லில் தண்ணீரை ஊற்றினான்.

அப்படியென்றால் அந்த அவமானம்தான் அவளுடைய நம்பிக்கை. ஓடிப்போனவன் என்றால் உயிரோடு இருக்கிறான். சண்டைக்கு நின்றவன் என்றால் இல்லை. ஊர் கல்லென்று எறிந்ததை அவள் ரொட்டியாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் இது சிக்கலாயிற்று. பண்ணை வில்யோவின் பெயரில் இருந்தது. காட்டு மரத்தை விற்க முடியவில்லை, கூரையை மாற்றக் கடன் கிடைக்கவில்லை. அர்மாஸுக்கு நான்கு குழந்தைகள்; எல்லோரும் ஒரே அறையில் படுத்தார்கள். தேவாலய முற்றத்தில் பெரிய கல் நிறுத்தப்போகிறார்கள் என்ற செய்தியும் வந்தது. நீதிமன்றத்தில் மனுக் கொடுத்து அண்ணன் இறந்ததாக அறிவிக்கச் சொல்லலாம் என்று அர்மாஸ் பேச்செடுத்தான். அவன் பேராசைக்காரன் அல்ல. அண்ணன் பெயரைக் கேலி செய்தவர்களோடு கடைவாசலில் கட்டிப் புரண்டு முன்பல் ஒன்றை இழந்தவன்.

"கல்லுல பேரு வந்துட்டா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான் அண்ணி."

"உன் கூரைக்காக எங்க ஆளைக் கொல்லணுமா?"

"பத்து வருஷம் ஆகப்போகுது! ஓடினவங்களையெல்லாம் அரசாங்கம் மன்னிச்சு எத்தனை நாளாச்சு? உசுரோட இருந்தா ஒரு கார்டு போட மாட்டாரா?"

"அவர் எதுக்குத்தான் நேரத்துக்கு வந்திருக்காரு?" என்றாள் சைமி. பால் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மனைவி மறுத்தால் மனுவை நீதிமன்றம் எளிதில் ஏற்காது. விவகாரம் அப்படியே நின்றது. அந்தச் சமயத்தில்தான் சதுப்பு வயலில் இருந்த பழைய வைக்கோல் கொட்டகையை அர்மாஸ் பிரித்தான். தரைப்பலகைக்குக் கீழே பிர்ச் பட்டையில் சுற்றிக் கட்டிய ஒரு நீள மூட்டை கிடந்தது. அதற்குள் ஒரு ராணுவத் துப்பாக்கி.

கான்ஸ்டபிள் ரஜாலா சைக்கிளில் வந்தார். துருவைக் கட்டைவிரலால் தேய்த்து, குழலின் அடியிலிருந்த எண்ணை உரக்கப் படித்து எழுதிக்கொண்டார்: "நாலு, எட்டு, மூணு, ஒண்ணு, ஏழு." சைமி மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்து வேலியோரம் நின்றிருந்தாள். எண்ணைக் கேட்டதும் கையிலிருந்த முக்காலியைக் கீழே வைத்தாள்.

"அது வில்யோவோட நம்பர்" என்றாள்.

ரஜாலா நிமிர்ந்து பார்த்தார். "எப்படித் தெரியும்?"

"லீவுக்கு வந்தப்ப தூக்கத்துல கூடச் சொல்லுவாரு. சிப்பாய்க்குத் துப்பாக்கி நம்பர் மனப்பாடமா இருக்கணுமில்ல? நாப்பத்தெட்டு முந்நூத்துப் பதினேழு. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

அது நடக்கக்கூடியதுதான். எங்கள் சிப்பாய்கள் அம்மா பெயரை மறந்தாலும் துப்பாக்கி எண்ணை மறக்கமாட்டார்கள். மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது: வில்யோ கோர்ப்பெலா போரிலிருந்து ஓடி ஊருக்கே வந்தான், சொந்தக் கொட்டகையில் துப்பாக்கியைப் புதைத்தான், போய்விட்டான். தப்பி ஓடியவனின் பெயரைக் கல்லில் வெட்டுவதில்லை. அர்மாஸ் அன்றிரவு சாப்பிடவில்லை. சைமி பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பால் வடிகட்டினாள். அதை நானே கேட்டேன்.

துப்பாக்கியைக் கிடங்குக்கு அனுப்புவதற்கு முன் நான் ஒருமுறை பார்த்து எழுதிக் கொடுத்தால் நல்லது என்று ரஜாலா அடுத்த நாள் காலையில் என் குடிலுக்கு அதைக் கொண்டுவந்தார். அர்மாஸ் பின்னாலேயே வந்தான். சைமியும் வந்தாள். மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்தேன். சைமி கதவருகே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எத்தனை நேரம் ஆகும்?" என்றார் ரஜாலா.

"காபி கொதிக்கிற நேரம்."

"உங்க காபியா? அது சிக்கரித் தண்ணி. அது கொதிச்சா என்ன, கொதிக்கலேன்னா என்ன?"

"குடிக்காம போகத்தான் போறீங்களா?"

"அப்படி நான் சொல்லலையே" என்று ஜன்னலோரம் உட்கார்ந்து புகைக்குழாயில் புகையிலை அடைத்தார்.

முதலில் சுற்றியிருந்த பட்டையைப் பார்த்தேன். உள்ளே மாட்டுக்கொழுப்பு தடவியிருந்தது. பிறகு துப்பாக்கியின் மரக்கட்டை. ஒரே மரத்தில் செதுக்கியது. நம் பட்டறைகளில் கட்டையை மாற்றும்போது பெரும்பாலும் இரண்டு துண்டுகளைப் பல்லுப் பல்லாகக் கோத்து ஒட்டுவார்கள்; இதில் ஒட்டு இல்லை. போர்க்காலத்தில் நம் ராணுவம் தன் கைக்கு வந்த துப்பாக்கிகளில் இரண்டு எழுத்துகளை ஒரு சிறு கட்டத்துக்குள் அடித்தது. பழையது, புதியது, பிடிபட்டது எல்லாவற்றிலும். மண்ணெண்ணெய் தொட்டு மெதுவாகத் தேய்த்தேன். அந்த முத்திரை இல்லை.

"விட்டுப்போயிருக்கலாமே" என்றாள் சைமி.

"இருக்கலாம். விட்டுப்போன துப்பாக்கி சிலது நானே பாத்திருக்கேன்."

அவள் முகம் தளர்ந்தது. நான் குறிபார்க்கும் தகட்டைத் திருப்பினேன். நம் நாட்டையும் ஆண்ட ரஷ்யச் சக்கரவர்த்தி காலத்துத் துப்பாக்கிகளில் தூரத்தை மீட்டரில் போடவில்லை. அர்ஷின் என்று அவர்கள் ஊர் அளவு, நடக்கும்போது ஒரு காலடி வைக்கும் தூரம் மாதிரி. நம் ஆட்களிடம் வந்த துப்பாக்கிகளில் பட்டறையில் அந்த எண்களை மாற்றி மீட்டர் அடிப்பார்கள். அடிக்காவிட்டால் சிப்பாய்க்குக் குறி தப்பும். இதில் அர்ஷின் எண்கள் அப்படியே இருந்தன.

"இது நம்ம பட்டறைக்கு வந்ததே இல்ல" என்றேன்.

"அப்ப எதிராளிகிட்ட புடுங்கினதா இருக்கும்" என்றாள் சைமி உடனே. "போர்ல எல்லாரும் அப்படித்தான் தூக்கிட்டு வந்தாங்க. வில்யோவும் ஒண்ணைப் புடுங்கியிருப்பாரு."

புத்திசாலிப் பெண். அந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். குழலின் தடித்த பகுதியில் துருவை எடுத்தேன். அங்கே இரட்டைத் தலைக் கழுகு, சக்கரவர்த்தியின் சின்னம், இறகு கலையாமல் இருந்தது.

"சக்கரவர்த்தி போனதுக்கப்புறம் எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தக் கழுகை விட்டுவைக்கல சைமி. பழுதுபார்க்கக் கிடங்குக்குப் போன துப்பாக்கின்னா அரத்தால தேய்ச்சோ சுத்தியால அடிச்சோ அழிச்சிருப்பாங்க. இது அந்தக் கிடங்குக்கும் போகல, இந்தக் கிடங்குக்கும் வரல."

இனி கட்டையைக் கழற்ற வேண்டும். வருஷம் மேலே துருவில் போய்விட்டது. ஆனால் இந்த ரகத்தில் இரும்பின் வால்பகுதிக்கு அடியில், மரத்துக்குள் மறைந்த இடத்தில், இன்னொரு தடவை வருஷம் அடித்திருக்கும். இரண்டு திருகாணிகள். பின்னாணி சுலபமாக வந்தது. முன்னாணிக்கு எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம். காபி அதற்குள் கொதித்து வழிந்தது. ரஜாலா எழுந்து பாத்திரத்தை இறக்கிவைத்தார்.  ஆணி முனகிக்கொண்டே திரும்பியது. இரும்பை மரத்திலிருந்து தூக்கினேன். அடியில் கொழுப்பு மஞ்சளாக உறைந்திருந்தது; துருவே இல்லை. துணியால் துடைத்தேன். செய்த தொழிற்சாலையின் அடையாளமான சிறிய வில்லும் அம்பும், பக்கத்தில் வருஷம்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினஞ்சு" என்றேன். "இதுக்கப்புறம் இதுல ஒரு கையும் படல. யாரும் திருத்தல, யாரும் முத்திரை போடல. இருபது வருஷம் எந்த ராணுவத்துல இருந்திருந்தாலும் ஒரு தழும்பாவது இருக்கும். சக்கரவர்த்தியோட சிப்பாய்ங்க ஊரை விட்டுப் போனப்ப இது இங்க கை மாறியிருக்கு. பதினெட்டாம் வருஷம் வசந்தத்துல பலகைக்குக் கீழ போயிருக்கு."

பதினெட்டாம் வருஷம் என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த வருஷம் எங்கள் ஆட்களை எங்கள் ஆட்களே சுட்டார்கள், சிவப்பு, வெள்ளை என்று பிரிந்து. கோர்ப்பெலா வீட்டுக்காரர், வில்யோவுக்கும் அர்மாஸுக்கும் அப்பா, சிவப்புப் பக்கம். வசந்தத்தில் ஜெயித்த வெள்ளைப் பக்கத்தார் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சிறைமுகாமில் பசியில் போய்விட்டார். அப்போது வில்யோவுக்கு நாலு வயது, அர்மாஸ் தொட்டிலில்.

அர்மாஸ் மேசையருகே வந்தான். துப்பாக்கியை அவன் பார்க்கவே இல்லை. பிர்ச் பட்டையைக் கட்டியிருந்த கயிற்றை, அறுக்காமல் நான் அவிழ்த்துவைத்திருந்த முடிச்சின் மடிப்பை, விரலால் தொட்டான்.

"இது அப்பா போட்ட முடிச்சா?"

"அப்படித்தான் இருக்கணும்."

"அவர் கையால செஞ்சது ஒண்ணும் வீட்ல இல்ல" என்றான். "அம்மா எல்லாத்தையும் எரிச்சுட்டா." கயிற்றையும் பட்டையையும் மடக்கி எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இந்த வீட்டில் போருக்குப் பயந்து ஒளிந்தவர் யாருமில்லை என்பது அதற்குப் பிறகுதான் அவனுக்கு உறைத்தது. 

நான் எழுதிக் கொடுக்க வேண்டிய தாளில் எண்ணைக் குறிக்கக் குழலின் அடியைத் துடைத்தேன். மண்ணெண்ணெய்க்குத் துரு விலகியிருந்தது. ரஜாலா ஏழு என்று படித்த கடைசி எண் ஏழல்ல. மேலே கொடி வைத்த ரஷ்ய 'ஒன்று'. துருப்பட்டை ஒன்று குறுக்கே படிந்து அதை ஏழாகக் காட்டியிருந்தது. நாற்பத்தெட்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று.

நான் அதைச் சொல்லவில்லை, எழுதினேன். ரஜாலா என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். தன் தாளை எடுத்து ஏழை அடித்து ஒன்றாக்கினார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பிச் சைமியைப் பார்த்தார். வில்யோ தூக்கத்தில் சொன்ன எண் என்று அவள் சொன்னது, வேலியோரம் நின்று ரஜாலாவின் வாயிலிருந்து கேட்ட எண். தவறு உட்பட.

சைமி அவரை நேராகப் பார்த்தாள். கண்ணைத் தாழ்த்தவில்லை.

ரஜாலா பென்சிலைச் சட்டைப்பைக்குள் வைத்தார். "காபி நல்லாத்தான் இருக்கு சார்ஜண்ட்" என்றார். கோப்பையை அவர் தொட்டிருக்கவே இல்லை. துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனார். அர்மாஸும் போனான். சைமி போகவில்லை.

"ஒரு வார்த்தை மாத்தி எழுதினா யாருக்கு நஷ்டம்?" என்றாள்.

"இருக்கிறதைத்தாம்மா நான் படிக்க முடியும்."

"கழுகு அழிஞ்சிருந்துச்சுன்னு சொல்லியிருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும், அர்மாஸுக்கு எப்படித் தெரியும்?"

"இந்தத் துப்பாக்கி வில்யோவோடது இல்லன்னுதான் சொன்னேன். வில்யோ இல்லன்னு நான் சொல்லலையே."

"ரெண்டும் ஒண்ணுதான் சார்ஜண்ட். இனிமே என் பக்கம் பேச ஒண்ணும் கிடையாது." பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாரும் அவரை வீரன்னு சொல்லப் போறாங்க. நல்லது. ஆனா ஓடிப்போனவன் இப்ப எங்கயாவது உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருப்பான். வீரன் என்ன சாப்பிடுவான்?"

 எழுந்து அவளுக்குக் காபி ஊற்றினேன். எனக்குப் பங்கீட்டில் வந்திருந்த உண்மையான காபிக்கொட்டையில் கொஞ்சம் அதில் கலந்திருந்தது. அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"நல்ல காபியை ஒளிச்சு வச்சிருக்கீங்க" என்றாள். அழுகை அப்போதுதான் வந்தது.

அவள் மனுவை எதிர்க்கவில்லை. சட்டத்தில் ஒரு முறை இருக்கிறது. காணாமற்போனவனை நீதிமன்றம் முதலில் கூப்பிட வேண்டும். வில்யோ கோர்ப்பெலா இன்ன தேதிக்குள் வந்து ஆஜராக வேண்டும், அல்லது உயிரோடிருக்கும் செய்தி தர வேண்டும், இல்லையேல் இறந்தவனாக அறிவிக்கப்படுவான் என்று செய்தித்தாளில் விளம்பரம் வந்தது, தேவாலயத்திலும் வாசித்தார்கள். சைமி அந்தத் தாளைக் கத்தரித்துச் சமையலறைக் கதவில் ஒட்டினாள்.

"நேரம் குறிச்சு அவரைக் கூப்பிட்டா வரவே மாட்டாரு" என்று அர்மாஸின் மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னாளாம்.

அந்தத் தேதி அடுத்த இலையுதிர் காலத்தில் வந்தது. அன்று காலை அவள் மாடுகளைச் சீக்கிரமே கறந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை உடுத்தும் கோட்டைப் போட்டுக்கொண்டு, பண்ணைப் பாதை பெரிய சாலையில் சேரும் இடத்துக்குப் போனாள். பஸ் நிற்கும் இடம் அது. பால் பாத்திரங்களை ஏற்றும் மேடைமேல் உட்கார்ந்துகொண்டாள். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் குடிலிலிருந்து பார்த்தால் அவள் தலைத்துணி தெரியும். காலை பஸ் வந்தது; ஓட்டுநர் அவள் ஏறுவாள் என்று நிறுத்தினான்; அவள் தலையை ஆட்டினாள்; போய்விட்டது. மாலை பஸ்ஸுக்கும் அவள் அங்கேயே இருந்தாள். அது நிற்காமலே போனது. அதன்பின் கோட்டைக் கழற்றித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி, தொழுவத்துக்கு வந்தாள். கறக்கும் நேரமாகிவிட்டிருந்தது.

வில்யோவின் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். கடையில் கேலி பேசியவர்களே பூ கொண்டுவந்தார்கள். ரெய்னோவும் வந்தான், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. சைமி எல்லோருக்கும் கை கொடுத்தாள். கூரை மாறியது, அர்மாஸின் குழந்தைகளுக்கு மாடியறை கிடைத்தது. அதில் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவள் பிறகு யாரோடும் வாய் கொடுக்கவில்லை. கேலி செய்ய ஆளில்லாமற்போனதும் பதில் சொல்லும் பழக்கமும் அவளைவிட்டுப் போய்விட்டது.

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் சௌனாவில் கடைசி ஆணி காலியாக இருந்தது. வாளித் தண்ணீரும் இலைக்கட்டும் மட்டும் உள்ளே தயாராக இருந்தன, எல்லா வீட்டிலும் போல. குளித்துவிட்டு நான் வெளியே வந்தபோது சைமி படியில் நின்றிருந்தாள். கையில் மடித்த சட்டை.

"உங்களுக்குத் தோள் கொஞ்சம் இறுக்கமா இருக்கும்" என்றாள். "இருந்தாலும் போட்டுக்கோங்க. நல்ல துணி, வீணாப் போகக்கூடாது."

வாங்கிக்கொண்டேன். தோள் இறுக்கமாகத்தான் இருந்தது. முழங்கை கிழியும்வரை போட்டேன்.

அறுபத்தொன்பதாம் வருஷம் அவளுக்கு உடம்பு முடியாமல் போனது. கறப்பதை விட்டுவிட்டாள். ஒருநாள் என் குடிலுக்கு மெதுவாக நடந்து வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். தன் கல்லுக்கு முன்பணம் கொடுத்துவிட்டதாகவும், அதில் வில்யோவின் பெயரையும் வெட்டச் சொன்னதாகவும் சொன்னாள்.

"கல்காரன் கேக்கறான், அவர் போன வருஷம் எதுன்னு. கோர்ட்டு தாள்ல இருக்கறதைப் போடவான்னு. நான் சார்ஜண்டைக் கேட்டுச் சொல்றேன்னுட்டேன். வருஷம் சொல்றது உங்க வேலைதானே?"

நான் அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளினேன். தெரிந்ததை எழுதுவது, தெரியாத இடத்தில் கோடு போட்டு விடுவது, இதைத்தான் கிடங்கில் வாழ்நாள் முழுக்கச் செய்தேன்.

"என் கண்ணால பாக்காததுக்கு நான் வருஷம் போடறதில்ல" என்றேன். "பொறந்த வருஷம் தெரியும். அதைப் போடச் சொல்லு. மத்தது காலியா இருக்கட்டும்."

சைமி என்னைப் பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் வாயோரம் அந்தப் பழைய கிண்டல் வந்து போனது.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"அன்னிக்கு வருஷம் இருந்துச்சும்மா. துப்பாக்கி வாலுக்கு அடியில."

"ஆமா" என்றாள். "இருந்துச்சு." கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள். "நல்ல காபி இருந்தா ஊத்துங்க."